பேக்கப் இல்லாத சனிக்கிழமைகள்: டேட்டாபேஸ் ஆட்கள் கூடிப் பேசிய கதை

இது எபிசோடோட எழுத்து வடிவம். கேட்க நேரமில்லாதவங்க படிக்கலாம். பேசினதை கொஞ்சம் ஒழுங்குபடுத்தியிருக்கோம், ஆனா பேச்சு வாடை முழுசா போகாது.

2020 டிசம்பர் 17. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம்தான் பாக்கி. கொரோனா வருஷம், எல்லாரும் வீட்டுக்குள்ள. மைக்ரோசாஃப்டோட எஸ்க்யூஎல் சர்வர்ல வேலை பார்க்கிறவங்களுக்காக உலக அளவில் இயங்கிக்கிட்டிருந்த பாஸ் என்ற அமைப்பு அன்னைக்கு ஒரு அறிவிப்பு வெளியிட்டது. சாரம் இதுதான்: நாங்க மூடுறோம். 2021 ஜனவரி 15 கடைசி நாள். எங்க தளத்துல இருக்கிற உரைகள், வீடியோக்கள் உங்களுக்கு வேணும்னா அதுக்குள்ள பயன்படுத்திக்கோங்க.

இருபத்தொன்பது நாள். இருபது வருஷத்துக்கும் மேலா ஆயிரக்கணக்கான பேர் சம்பளம் வாங்காம சேர்த்துவச்ச உரைகள், ஊர் ஊரா இருந்த குழுக்களோட மெயில் பட்டியல்கள், எந்த ஊர்ல எந்த சனிக்கிழமை யார் எதைப் பத்திப் பேசினாங்கன்ற பதிவு, எல்லாம் ஒரே அமைப்போட சர்வர்ல இருந்துச்சு. யாரோட பதிவு? பேக்கப் எடுக்கிறதையே தொழிலா வச்சிருக்கிறவங்களோட பதிவு!

டேட்டாபேஸ் ஆட்கள் ஏன் இப்படிக் கூடிப் பேசுறாங்க, எப்போ ஆரம்பிச்சாங்க, அந்தக் கூட்டம் கடைசியில யாருக்குச் சொந்தம்? இன்னைக்கு எபிசோடு இதுதான்.

முதல்ல, டிபிஏன்னா யார்?

டிபிஏன்னா டேட்டாபேஸ் அட்மினிஸ்ட்ரேட்டர். நீங்க டீக்கடையில கியூஆர் ஸ்கேன் பண்ணி பதினைஞ்சு ரூபாய் அனுப்புறீங்க. பொங்கலுக்கு ஊருக்குப் போக ரயில் டிக்கெட் போடுறீங்க. எங்கேயோ ஒரு டேட்டாபேஸ்ல ஒரு வரி எழுதப்படுது. அந்த வரி தொலையக் கூடாது. ரெண்டு தடவை எழுதப்படக் கூடாது. கேட்டா சட்டுனு கிடைக்கணும். இதைப் பார்த்துக்கிறவர்தான் டிபிஏ. எல்லாம் ஒழுங்கா ஓடினா இவர் பேரே யாருக்கும் தெரியாது. ராத்திரி ரெண்டு மணிக்கு சர்வர் படுத்துக்கிச்சுன்னா முதல் போன் இவருக்குத்தான்.

நான் டிபிஏ இல்ல, கோட் எழுதுறவன். ஆனா ஒண்ணு கவனிச்சிருக்கேன். ஒரு ஆபீஸ்ல டெவலப்பர் நாற்பது பேர் இருந்தா டிபிஏ ஒருத்தரோ ரெண்டு பேரோதான் இருப்பாங்க. சந்தேகம் வந்தா பக்கத்து சீட்டுல கேட்க ஆள் கிடையாது. அதனாலேயே அவங்களுக்கு வெளியில ஒரு கூட்டம் தேவைப்படுது.

இந்தக் கூட்டங்கள்ல என்ன பேசுவாங்க? ஒரு உதாரணம். எஸ்க்யூஎல் சர்வர் உரைகள்ல திரும்பத் திரும்ப வர்ற தலைப்பு, பாராமீட்டர் ஸ்னிஃபிங். ஊர் பேர் கொடுத்தா அந்த ஊர் கஸ்டமர்களைக் காட்டுற ஒரு புரோகிராம் இருக்குன்னு வைங்க. காலையில முதல் ஆளா ஒருத்தர் அரியலூர்னு கொடுக்கிறார். இருபது பேர்தான் இருக்காங்க. டேட்டாபேஸ் யோசிச்சு, இண்டெக்ஸைப் பிடிச்சு ஒவ்வொருத்தரா எடுத்துக்கலாம்னு ஒரு திட்டம் போடுது. அந்தத் திட்டத்தை ஞாபகத்துல வச்சுக்குது. அடுத்து வர்றவர் சென்னைன்னு கொடுக்கிறார். ரெண்டு லட்சம் பேர். ஆனா அரியலூருக்குப் போட்ட அதே திட்டம்தான் ஓடுது. ஒவ்வொருத்தரா, ரெண்டு லட்சம் தடவை. ஸ்க்ரீன் சுத்திக்கிட்டே இருக்கு. சர்வரை ரீஸ்டார்ட் பண்ணினா சரியாயிடுது, ஏன்னா பழைய திட்டம் மறந்து போச்சு. ரெண்டு நாள் கழிச்சு மறுபடி அதே கதை.

மேனுவல்ல இதுக்கு விளக்கம் இருக்கு. ஆனா இதுக்கு என்ன பேர்னு தெரியாதவர் மேனுவல்ல எதைத் தேடுவார்? மேடையில ஒருத்தர் "எங்க கடையில திங்கள்கிழமை காலையில மட்டும் ஸ்லோ ஆச்சு"ன்னு ஆரம்பிச்சா, கீழே உட்கார்ந்திருக்கிறவர் நிமிர்ந்து உட்காருவார். அட, நம்ம கேஸு!

இன்னொரு உதாரணம் 2017 ஜனவரி 31. கிட்லாப் நிறுவனத்தில் ஒரு இன்ஜினியர் துணை சர்வர்ல அழிக்க வேண்டியதை முதன்மை சர்வர்ல அழிச்சிட்டார். சுமார் 300 ஜிபி டேட்டா போச்சு. பேக்கப்பும் ரெப்ளிகேஷனுமா அஞ்சு ஏற்பாடு இருந்தது, அவசரத்துக்கு ஒண்ணுமே சரியா கைகொடுக்கல. தினசரி பேக்கப் போய்ச் சேர வேண்டிய இடம் காலியா இருந்தது. வெர்ஷன் பொருந்தாததால அந்த வேலை தோத்துக்கிட்டே இருந்திருக்கு, யாருக்கும் தெரியல. கடைசியில ஆறு மணி நேரத்துக்கு முன்னாடி வேற வேலைக்காக எடுத்த ஒரு காப்பிதான் காப்பாத்தியது. அவங்க இதை மூடி மறைக்கல. மீட்கிற வேலையை யூட்யூப்ல லைவா காட்டினாங்க, பிறகு என்ன நடந்ததுன்னு விரிவா எழுதி வெளியிட்டாங்க. பேக்கப் எடுத்தா போதாது, ரீஸ்டோர் பண்ணிப் பார்க்கணும்னு டிபிஏக்கள் சொல்லிக்கிட்டே இருக்கிறதுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

அடிபட்டவர் சொல்ல, அடிபடாதவர் கேட்டுத் தப்பிக்கிறது. இந்தக் கூட்டங்களோட மதிப்பு அங்கதான் இருக்கு. இது எவ்வளவு பழைய வழக்கம்னு இப்போ பார்ப்போம்.

1955: போட்டிக் கம்பெனிகள் ஒரே மேசையில்

1955 ஆகஸ்ட். கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிகா. ராண்ட் கார்ப்பரேஷன் அலுவலகத்தில் ஒரு கூட்டம். ஐபிஎம் 704 என்ற புது கம்ப்யூட்டரை வாங்கப் போகிற நிறுவனங்களின் ஆட்கள் வந்திருந்தார்கள். பலர் விமானக் கம்பெனிக்காரர்கள். லாக்ஹீட், நார்த் அமெரிக்கன் மாதிரி ராணுவ ஆர்டருக்காக ஒருத்தரோட ஒருத்தர் போட்டி போடுகிறவர்கள்.

ஏன் சேர்ந்தாங்க? முந்தைய மெஷினான ஐபிஎம் 701 வந்தப்போ, வாங்கின ஒவ்வொரு கம்பெனியும் தனக்குத் தேவையான அடிப்படை புரோகிராம்களைத் தானே எழுதிக்கிச்சு. அப்போ சாஃப்ட்வேர்னு தனியா விலைக்கு வாங்குற பொருள் கிடையாது. மெஷின் வரும், மீதி உங்க பாடு. அதே வேலையை அத்தனை இடத்துலயும் அத்தனை தடவை செஞ்சாங்க. புது மெஷினுக்கும் அதே கூத்து வேண்டாம்னு முடிவெடுத்துச் சேர்ந்ததுதான் ஷேர் என்ற அமைப்பு. பேரே அதோட வேலை: பகிர்.

விமான டிசைன் ரகசியம், கணக்குப் போடுற புரோகிராம் பொது. எதுல போட்டி போடணும், எதுல கூடாதுன்னு அவங்க அன்னைக்கே பிரிச்சுக்கிட்டாங்க. ஓப்பன் சோர்ஸ் என்ற வார்த்தை பரவலாக நாற்பது வருஷத்துக்கும் மேல இருந்தது அப்போ.

ஷேருக்கு இன்னொரு பக்கமும் உண்டு. பயனர்கள் தனித்தனியா கேட்டா ஐபிஎம் காதுல வாங்காது. எல்லாரும் ஒரே குரல்ல கேட்டா வாங்கித்தான் ஆகணும். அடுத்த வருஷம், 1956ல், வணிகக் கணக்கு போடுற பெரிய நிறுவனங்கள் சேர்ந்து கைடு என்ற இன்னொரு குழுவை ஆரம்பித்தார்கள்.

கமிட்டியிலிருந்து டூரிங் விருது வரை

ஷேருக்குள்ள டேட்டா பிராசஸிங்குக்கு ஒரு கமிட்டி இருந்தது. அதுல முன்னின்று வேலை செஞ்சவர் டவ் கெமிக்கல் கம்பெனியிலிருந்து வந்த சார்லஸ் பாக்மன். மெக்கானிக்கல் இன்ஜினியர். ஆமா, "மெக் படிச்சிட்டு ஐடிக்கு வந்துட்டியே"ன்னு சொந்தக்காரங்க கேட்டா, இனிமே இவர் பேரைச் சொல்லலாம்.

அந்தக் கமிட்டி வேலையில அவருக்கு ஒரு விஷயம் பழகிடுச்சு: ஒவ்வொரு ரிப்போர்ட்டுக்கும் தனித்தனியா புரோகிராம் எழுதாம, ஃபைல்களைப் பொதுவா கையாளுற ஒரு கருவி செய்யலாம். 1960களின் தொடக்கத்தில் ஜெனரல் எலெக்ட்ரிக்குக்குப் போன பிறகு ஐடிஎஸ் என்ற அமைப்பை உருவாக்கினார். உலகின் முதல் டேட்டாபேஸ் மேலாண்மை அமைப்புகளில் ஒன்று அது. 1973ல் அவருக்கு டூரிங் விருது கிடைத்தது.

1970ல் இரண்டு விஷயங்கள் நடந்தன. ஒண்ணு எல்லாருக்கும் தெரியும். ஜூன் மாதம் ஐபிஎம்மின் எட்கர் காட் ரிலேஷனல் மாடல் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். நாம இன்னைக்கு டேபிள், வரி, காலம்னு பேசுறதுக்கெல்லாம் அதுதான் வேர். இன்னொண்ணு அவ்வளவா பேசப்படாதது. நவம்பரில் கைடும் ஷேரும் சேர்ந்து, ஒரு டேட்டாபேஸ் அமைப்பு என்னென்ன செய்யணும்னு பயனர் பக்கத்திலிருந்து ஒரு அறிக்கை வெளியிட்டார்கள். டேட்டாபேஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் என்ற பொறுப்பைப் பற்றி விரிவாகப் பேசிய ஆரம்பகால ஆவணங்களில் அதுவும் ஒன்று. அதாவது டிபிஏ என்ற வேலைக்கு உருவம் கொடுத்ததுல விற்கிற கம்பெனிக்கு மட்டும் பங்கு இல்ல. வாங்கிப் பயன்படுத்துறவங்க கூடிப் பேசின மேசைக்கும் பங்கு உண்டு.

அடுத்த காட்சி 1974 மே. மிச்சிகனின் ஆன் ஆர்பரில் ஏசிஎம் அமைப்பு நடத்திய பயிலரங்கம். மேடையில் ஒரு பக்கம் காட், இன்னொரு பக்கம் பாக்மன். டேட்டாவை எப்படி வைக்கிறது? பாக்மன் வழியில ஒரு ரெக்கார்டிலிருந்து இன்னொண்ணுக்கு இணைப்பைப் பிடிச்சுக்கிட்டே போகணும், வழி தெரிஞ்ச டிரைவர் மாதிரி. காட் வழியில என்ன வேணும்னு சொன்னா போதும், எப்படிப் போகணும்னு டேட்டாபேஸே பார்த்துக்கும். அந்த விவாதம் டேட்டாபேஸ் வரலாற்றுல இன்னைக்கும் பேசப்படுது. அன்னைக்கு யாரும் ஜெயிச்சதா அறிவிக்கல. காட் வழி சந்தையில நிலைக்க இன்னும் பல வருஷம் ஆச்சு.

அதே பயிலரங்கத்தில் டான் சாம்பர்லின், ரே பாய்ஸ் என்ற ரெண்டு ஐபிஎம் இளைஞர்களின் கட்டுரை ஒன்றும் இருந்தது. பேர் சீக்வெல். பின்னாளில் எஸ்க்யூஎல் ஆனது அதுதான். விவாதம் பெரிய தலைகளுக்கு நடுவே. ஆனா நீங்களும் நானும் இன்னைக்கும் டைப் பண்றது இந்த ரெண்டு பேரோட மொழியை. செமஸ்டர் டிபிஎம்எஸ் பேப்பருக்கு பாய்ஸ்-காட் நார்மல் ஃபார்ம் மனப்பாடம் பண்ணியிருப்பீங்க. அந்த பாய்ஸ் இவர்தான். அந்தப் பயிலரங்கம் முடிந்து கொஞ்ச நாளிலேயே, முப்பது வயது ஆகும் முன்பே, மூளை ரத்தக்குழாய் வெடித்து இறந்துபோனார். தன் மொழி உலகம் முழுக்கப் பரவுனதை அவர் பார்க்கல.

கம்பெனி போடுற பந்தல்

1980, 90களில் டேட்டாபேஸ் பெரிய வியாபாரம் ஆனது. ஆரக்கிள், ஐபிஎம், மைக்ரோசாஃப்ட். ஒவ்வொன்றைச் சுற்றியும் பயனர் குழுக்கள் வந்தன. 1999ல் மைக்ரோசாஃப்டும் கம்ப்யூட்டர் அசோசியேட்ஸும் சேர்ந்து எஸ்க்யூஎல் சர்வர் ஆட்களுக்காக ஆரம்பித்ததுதான் பாஸ். முதல் மாநாடு அதே வருஷம் சிகாகோவில். பிறகு சியாட்டில்தான் அதன் வழக்கமான ஊர் ஆனது, மைக்ரோசாஃப்ட் தலைமையகத்துக்குப் பக்கம்.

மாநாடு நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா கட்டணமே ஆயிரம் டாலருக்கு மேல. ஃப்ளைட், ஹோட்டல் தனி. ஒரு வாரம் லீவு. கம்பெனி பணம் கொடுத்தா போகலாம். சின்ன ஊர்ல ஒரு ஆஸ்பத்திரியிலயோ ஸ்கூல்லயோ ஒத்தை டிபிஏவா இருக்கிறவருக்கு அது எட்டாத உயரம். நான் முதல்ல சொன்ன அந்தத் தனி ஆள்தான் அங்க போக முடியாதவர்.

ஏன் சனிக்கிழமை?

2007 நவம்பர் 10, ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோ. ஆண்டி வாரன், ஸ்டீவ் ஜோன்ஸ், பிரையன் நைட் என்ற மூன்று பேர் ஒரு நிகழ்ச்சி நடத்தினார்கள். மூவரும் ஏற்கெனவே எஸ்க்யூஎல் சர்வர் சென்ட்ரல் என்ற தளத்தை ஆரம்பித்தவர்கள். நிகழ்ச்சிக்கு அவர்கள் வைத்த பேர் எஸ்க்யூஎல் சாட்டர்டே. வரிசை எண் 1.

ஐடியா ரொம்ப எளிமை. சனிக்கிழமைன்னா லீவு கேட்க வேண்டாம். உங்க ஊர்லயே நடந்தா ஹோட்டல் வேண்டாம். நுழைவு இலவசம், மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் சில இடங்கள்ல சின்னத் தொகை. ஹால் வாடகையை ஸ்பான்சர்கள் பார்த்துப்பாங்க. பேச்சாளர்களுக்குச் சம்பளம் இல்ல, பல பேர் தன் செலவுல காரோட்டிக்கிட்டு வந்தாங்க. முதல் தடவை மேடை ஏறுறவருக்கும் இடம் உண்டு.

முக்கியமான விஷயம், இதை யார் வேணும்னாலும் தன் ஊர்ல நடத்தலாம். எப்படி நடத்துறதுன்னு ஒரு வழிகாட்டி, பதிவு செய்ய ஒரு தளம், ஒரு எண். நம்ம ஊர்ல தலைமை மன்றத்துல அனுமதி வாங்கி ஊருக்கு ஊர் ரசிகர் மன்றக் கிளை ஆரம்பிக்கிற மாதிரிதான், வச்சுக்கோங்களேன். சீக்கிரமே அமெரிக்காவைத் தாண்டியது. 2012 ஜனவரி 7 அன்று பெங்களூருவில் நடந்தது எண் 116.

இதுல தியாகம் மட்டும்தான்னு சொன்னா பாதிக் கதைதான். ஸ்பான்சர் ஏன் காசு தர்றார்? பரிசுக் குலுக்கலுக்கு உங்க பேரும் மெயிலும் கொடுத்தீங்கல்ல, அந்தப் பட்டியல் அவருக்கு வேணும். பேசுறவர் ஏன் வர்றார்? பேர் கிடைக்கும், கன்சல்டிங் வேலை கிடைக்கும். மைக்ரோசாஃப்டுக்கோ சம்பளம் வாங்காம ஆயிரக்கணக்கான பேர் அதோட பொருளைச் சொல்லிக் கொடுக்கிறாங்க. எல்லாருக்கும் லாபம் இருந்துச்சு. அதனாலதான் அது ஓடிச்சு. இதைத் தப்புன்னு நான் சொல்லல. யாருக்கு என்ன லாபம்னு தெரிஞ்சுக்கிட்டு உட்காரணும், அவ்வளவுதான்.

2010ல் அந்த மூன்று பேரும் எஸ்க்யூஎல் சாட்டர்டேயை பாஸ் கையில் கொடுத்தார்கள். அப்போது அது சரியான முடிவாகத்தான் தெரிந்திருக்கும். மூன்று பேர் மாலை நேரத்தில் பார்க்கிற வேலை அளவைத் தாண்டிவிட்டது. பாஸிடம் ஆள் இருந்தது, தளம் இருந்தது. நிகழ்ச்சிகள் நூற்றுக்கணக்கில் பெருகின.

2009: ரெண்டு கூட்டம், ரெண்டு பாடம்

நடுவுல 2009ஐ ஒரு எட்டு பார்த்துட்டு வரலாம். ஏப்ரல் 20. கலிஃபோர்னியாவின் சாண்டா கிளாராவில் மைஎஸ்க்யூஎல் ஆட்களின் வருடாந்திர மாநாடு தொடங்கிய நாள். முந்தைய வருஷம்தான் சன் நிறுவனம் மைஎஸ்க்யூஎல்லை 100 கோடி டாலருக்கு வாங்கியிருந்தது. மாநாடு தொடங்கிய அதே நாளில் செய்தி வந்தது: சன் நிறுவனத்தையே ஆரக்கிள் வாங்கப் போகிறது. நீங்க இலவச டேட்டாபேஸைக் கொண்டாட ஹாலுக்குள்ள இருக்கீங்க, வெளியில அதை உங்க பெரிய போட்டியாளர் வாங்கிட்டார்! அந்த மாநாட்டை நடத்தி வந்த ஓ'ரெய்லி சில வருஷத்தில் விலக, 2012ல் பெர்கோனா என்ற நிறுவனம் அதே சாண்டா கிளாராவில் தன் மாநாட்டை ஆரம்பித்தது. பேனர் மாறியது, ஆட்கள் வந்தார்கள்.

அதே வருஷம் ஜூன் 11. சான்ஃபிரான்சிஸ்கோவில் யோஹான் ஆஸ்கர்சன் என்பவர் ஒரு சின்ன மீட்டப் ஏற்பாடு செய்தார். கூகுள், அமேசான் கட்டுரைகளைப் பார்த்துப் புதிதாக முளைத்திருந்த, டேபிள் முறையில் இல்லாத டேட்டாபேஸ்களைப் பற்றிப் பேச. ஒரு பேர் வேணும், சின்னதா, தேடினா கிடைக்கிற மாதிரி. சாட் அறையில் எரிக் எவன்ஸ் என்பவர் சொன்ன பேர் நோஎஸ்க்யூஎல். ஒரு சாயங்கால மீட்டப்புக்கு வச்ச பேர். இன்னைக்கு அது பாடத்திட்டத்துல இருக்கு, வேலை விளம்பரத்துல இருக்கு. இதே பேரை 1998லயே கார்லோ ஸ்ட்ரோஸி தன்னோட ஒரு டேட்டாபேஸுக்கு வச்சிருந்தார், அது அப்போ பரவல. பேரைப் பரப்புனது அந்தச் சாயங்காலம் கூடின கூட்டம்.

முதல் கூட்டத்தோட பாடம்: உங்களைக் கேட்காமலே உங்க வீடு விற்கப்படலாம். ரெண்டாவதோட பாடம்: எந்த அமைப்பும் இல்லாத ஒரு சின்னக் கூட்டம்கூட ஒரு துறைக்குப் பேர் வைக்கலாம். பாஸ் கதைக்கு இந்த ரெண்டும் தேவைப்படும்.

2020: ஒரே தூண்

பாஸ் எப்படி விழுந்தது? வெளியிலிருந்து பார்த்தா அது ஒரு லாப நோக்கமில்லாத அமைப்பு. இயக்குநர்களை உறுப்பினர்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்தாங்க, அவங்களுக்குச் சம்பளம் இல்ல. ஆனா அன்றாட நிர்வாகத்தை ஒப்பந்தத்தில் எடுத்துச் செய்தது ஒரு தனியார் நிறுவனம். வருமானத்தின் பெரும்பகுதி வந்தது ஒரே இடத்திலிருந்து: சியாட்டில் மாநாடு. ஊர்க் குழுக்களுக்கான தளம், சனிக்கிழமை நிகழ்ச்சிகளுக்கான தளம் எல்லாத்துக்கும் பின்னாடி இருந்த காசு பெரும்பாலும் அந்த ஒரு வார மாநாட்டுக் காசுதான்.

டேட்டாபேஸ் ஆட்கள் இதுக்கு ஒரு பேர் வச்சிருக்காங்க: சிங்கிள் பாயிண்ட் ஆஃப் ஃபெயிலியர். ஒரு தூண் போனா மொத்த வீடும் போகும். 2020ல் அந்தத் தூண் போனது. மாநாட்டை ஆன்லைனுக்கு மாற்றினார்கள். ஆன்லைன் நிகழ்ச்சிக்கு இவ்வளவு கட்டணமா என்று உறுப்பினர்களே முணுமுணுத்தார்கள். வந்த வருமானம் போதவில்லை. டிசம்பர் 17 அறிவிப்பு வந்தது.

அடுத்த இருபத்தொன்பது நாள் நடந்ததை யோசிச்சுப் பாருங்க. தன்னார்வலர்கள் ஸ்கிரிப்ட் எழுதி, பழைய நிகழ்ச்சி அட்டவணைகளையும் உரைகளையும் இறக்கிப் பத்திரப்படுத்தினாங்க. ஊர்க் குழு நடத்துறவங்க மெயில் பட்டியலை எடுத்துக்கிட்டு வேற தளம் தேடினாங்க. எந்தச் சர்வர் விழுந்தாலும் பதறாம எழுப்புற ஆட்கள், தங்களோட சொந்த வரலாற்றுக்கு எமர்ஜென்சி பேக்கப் எடுத்தாங்க. பத்து வருஷமா பேசினவரோட உரைப் பட்டியல்தான் அவரோட அடையாளம். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது காட்டுற சான்று. அது ஒரு நாள் நானூத்தி நாலு ஆயிடும், பேஜ் நாட் ஃபவுண்டுன்னு வரும்னா பதற்றம் வரத்தானே செய்யும்?

2021 ஜனவரியில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ரெட்கேட் என்ற நிறுவனம் பாஸின் சொத்துகளை வாங்கியதாக அறிவித்தது. பேர், வீடியோக்கள், எஸ்க்யூஎல் சாட்டர்டே எல்லாம் அதில் அடக்கம். ரெட்கேட் டேட்டாபேஸ் கருவிகள் விற்கிற கம்பெனி. எஸ்க்யூஎல் சாட்டர்டேயை ஆரம்பித்த மூவரில் ஒருவரான ஸ்டீவ் ஜோன்ஸ் வேலை பார்ப்பதும் அங்கேதான். பலருக்கு நிம்மதி. சிலருக்கு அதே பழைய கேள்வி: மறுபடி ஒரு கம்பெனி கையிலயா?

அப்புறம் என்ன மாத்தினாங்க?

இந்த இடம்தான் எனக்குப் பிடிச்சது. சும்மா இன்னொரு பாஸ் கட்டல.

ரெட்கேட் பெரிய மாநாட்டைத் தன்னிடம் வைத்துக்கொண்டது. 2021 நவம்பரில் ஆன்லைனில் இலவசமாக நடத்தியது, 2022ல் சியாட்டிலுக்குத் திரும்பியது. ஆனால் எஸ்க்யூஎல் சாட்டர்டேயை அது வைத்துக்கொள்ளவில்லை. அதற்கென்று ஒரு தனி லாப நோக்கமற்ற அறக்கட்டளை அமைந்து, பேர் அதனிடம் போனது. தளத்தின் கோட் கிட்ஹப்பில் எல்லாரும் பார்க்கிற மாதிரி வைக்கப்பட்டது. நாளைக்கு அறக்கட்டளையே காணாமப் போனாலும், யார் வேணும்னாலும் ஒரு காப்பி எடுத்துத் தொடரலாம். இன்னொரு பக்கம் ஐரோப்பாவில் சிலர் காத்திருக்காமல், 2021 தொடக்கத்திலேயே டேட்டா சாட்டர்டேஸ் என்ற பேரில் அதே முறையில் தனியாக நடத்த ஆரம்பித்துவிட்டார்கள்.

போஸ்ட்கிரெஸ் ஆட்கள் இதை முன்னாடியே யோசிச்சிருந்தாங்க. அந்த டேட்டாபேஸே எந்த ஒரு கம்பெனிக்கும் சொந்தமில்ல. ஒரு மாநாட்டுக்குச் சமூக மாநாடு என்ற அங்கீகாரம் வேணும்னா, அதை நடத்துற குழு ஒரே கம்பெனி ஆட்களோட பிடியில இருக்கக் கூடாதுன்னு விதியே வச்சிருக்காங்க. 2007ல் ஒட்டாவாவில் ஆரம்பித்த அவர்களின் பிஜிகான் 2023 வரை நடந்தது. 2024ல் வான்கூவரில் வேறு பேரில் வேறு குழு அதே வேலையைத் தொடர்ந்தது. ஊர், பேர், ஆள் எல்லாம் மாறியும் சங்கிலி அறுபடல. ஷேரும் 1955லிருந்து இன்னைக்கு வரைக்கும் இருக்கு.

எதிர்வாதத்தையும் சொல்லிடுறேன். பிரிச்சுப் பிரிச்சு வைக்கிறது சுலபம் இல்ல. ஹால் பேசணும், காப்பீடு எடுக்கணும், ஸ்பான்சர் காசுக்குக் கணக்கு எழுதணும். இந்தச் சலிப்பான வேலையைச் செய்ய ஆள் இல்லாமத்தான் 2010ல் பாஸ் கையில கொடுத்தாங்க. பத்து வருஷம் அது நல்லாவே ஓடிச்சு, அதையும் மறந்துடக் கூடாது. ஒரு பெரிய அமைப்பு தாங்குறது தப்பில்ல. ஆனா அதுகிட்ட மட்டுமே ஒரே காப்பி இருக்கிறதுதான் ஆபத்து.

இது டிபிஏக்களோட கதை மட்டும் இல்லன்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். நீங்க போற பைத்தான் மீட்டப், ட்ரெக்கிங் குரூப், வாசகர் வட்டம், எதுவா வேணும்னாலும் இருக்கட்டும். அடுத்த தடவை போறப்போ நடத்துறவங்ககிட்ட மூணு கேள்வி கேளுங்க. உறுப்பினர் பட்டியல் யாரோட அக்கவுண்ட்ல இருக்கு? பழைய பேச்சுகளோட வீடியோ எங்க இருக்கு, இன்னொரு காப்பி உண்டா? இப்போ நடத்துறவர் நாளைக்கு ஃபாரின் போயிட்டா பாஸ்வேர்டு யார்கிட்ட இருக்கும்? பதில் இல்லைன்னா சண்டை போடாதீங்க, உதவிக்கு நில்லுங்க. நீங்க பேசின உரையா இருந்தா ஸ்லைடை உங்க கையிலயும் ஒரு காப்பி வச்சுக்கோங்க. வச்சா மட்டும் போதாது, வருஷத்துக்கு ஒரு தடவை திறந்தும் பாருங்க. கிட்லாப் கதை ஞாபகம் இருக்கட்டும்.

டிபிஏ நண்பர் யாராவது உங்களுக்கு இருந்தா இந்த எபிசோடை அனுப்புங்க. அவர் போன கூட்டங்கள்ல கேட்ட கதைகளை எங்களுக்கு எழுதச் சொல்லுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.